சிறுவரும் பரப்பளவும்

நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. எடையை அறியத் தராசு இருக்கிறது. பாலையும் எண்ணெயையும் அளந்து ஊற்ற உழக்கும் படியும் இருக்கின்றன. ஆனால் ஒரு தரையின் பரப்பையோ ஒரு பலகையின் பரப்பையோ நேராக அளந்து சொல்லும் சாதனம் எதுவும் பள்ளிக்கூடத்து மேசைமேல் இல்லை. பரப்பை அறிய வேண்டுமானால் இரண்டு நீளங்களை அளந்து, அவற்றைப் பெருக்கி, வந்த தொகையிலிருந்து பரப்பை அநுமானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன காரியமாதலால் இதிலுள்ள விசித்திரம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. எட்டு அல்லது ஒன்பது வயதுக் குழந்தைக்கோ, ஓரங்களில் உள்ள கோடுகளை மட்டும் அளந்துவிட்டு, கோல் ஒருமுறையும் தொடாத உட்பகுதியைப் பற்றி முடிவு கூறுவதென்பது, பிரத்தியட்சத்தைவிட்டு அநுமானத்துக்குச் செல்லும் முதற் பயணங்களுள் ஒன்றாகும். அப்பயணத்துக்குரிய படிகளை அமைத்துக் கொடுக்காமல், 'நீளம் பெருக்கல் அகலம்' என்ற சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, இருபது கணக்குகளைப் போடச் செய்து, விடைகள் சரியாக வந்ததைக் கண்டு பாடம் முடிந்ததென்று கருதும் வழக்கம் உலகெங்கும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தப் படிகளுள் மிக முக்கியமானதென்றும், வகுப்பறையில் மிகுதியாகத் தவறவிடப்படுவதென்றும் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. சதுரங்களை ஒன்று, இரண்டு என்று தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்த குழந்தை, சதுரங்களின் வரிசை ஒன்றை முழுமையாகக் கண்டு, அந்த வரிசையையே ஓர் அலகாக எடுத்து எண்ணத் தொடங்கும் நிலையே அது. அதை நடுவாக வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எண்ணுவதற்கு முன்பே அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு வடிவத்தைத் துண்டுகளாக வெட்டி வேறு விதமாக அடுக்கினாலும் அதன் பரப்பு மாறுவதில்லை என்பது வளர்ந்தவர்க்கு விளக்கம் தேவையில்லாத உண்மை, குழந்தைக்கு அப்படியன்று. ஜெனீவாவில் ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர், அலினா ஸெமின்ஸ்கா ஆகிய மூவரும் நடத்தி, 1948இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சிகளுள் இதைப் புலப்படுத்தும் பரிசோதனை ஒன்று உண்டு. ஒரே அளவான இரண்டு பச்சை அட்டைகளைக் குழந்தையின் முன் வைத்து, அவற்றை இரண்டு புல்வெளிகளாகப் பாவிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மைப் பசுவை நிறுத்துவார்கள். இரண்டு பசுக்களுக்கும் ஒரே அளவு புல் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று குழந்தை தயங்காமல் சொல்லும். பிறகு ஒவ்வொரு புல்வெளியிலும் ஒரு சிறு வீட்டை வைப்பார்கள், இரண்டாவது வீட்டை வைப்பார்கள், மூன்றாவதையும் வைப்பார்கள். ஒரு வெளியில் வீடுகள் ஒட்டியொட்டி ஒரு மூலையில் நிற்கும். மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். வீடுகளின் தொகை இரண்டிலும் ஒன்றேயாயினும், சிதறிய வீடுகளுள்ள வெளியில் நிற்கும் பசுவுக்குப் புல் குறைந்துபோயிற்று என்றே சிறு குழந்தைகள் சொன்னார்கள். சிதறிக் கிடக்கும் பொருள் இடமெல்லாவற்றையும் ஆக்கிரமித்துக்கொண்டதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தோன்றுவதே அந்த வயதில் பிரமாணமாகிறது. சற்றே வளர்ந்த பிள்ளைகள் அட்டைகளைப் பார்ப்பதை விட்டு, வீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி, எடுத்தது சமமானால் மிஞ்சியதும் சமமே என்று வாதிக்கிறார்கள். சமமானவற்றிலிருந்து சமமானவற்றை நீக்கினால் எஞ்சுவன சமம் என்று யூக்ளிட் தம் நூலின் தொடக்கத்தில் பொதுக் கருத்துகளுள் ஒன்றாக வைத்ததை, வடிவகணிதப் பாடம் ஒன்றும் கேளாத பிள்ளை தானாகவே கண்டடைகிறது என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

ஆகவே முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பரப்பைப் பற்றிய பாடத்தில் எண்ணுக்கே இடம் வேண்டியதில்லை. ஒரே அளவான இரண்டு அஞ்சலட்டைகளை எடுத்து, ஒன்றை அப்படியே வைத்து, மற்றதை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டி, இரு துண்டுகளையும் முக்கோணமாகச் சேர்த்து வைத்து, எதில் காகிதம் அதிகம் என்று கேட்டாலே போதும். வகுப்பில் இரு கட்சிகள் உண்டாகிவிடும். உபாத்தியாயர் தீர்ப்புச் சொல்லாமல், முக்கோணத்தை மீண்டும் அட்டையாகச் சேர்த்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட வேண்டும். இத்தகைய கை வேலையின் மகிமையை ஐரோப்பியக் கல்வியாளர் முன்பே உணர்ந்திருந்தனர். ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் குழந்தைகளுக்கென்று அமைத்த விளையாட்டுச் சாதனங்களுள் சதுரமும் முக்கோணமுமான மரத்தகடுகள் இருந்தன. மரியா மாண்டிசோரி, ஒரே பரப்புடைய வெவ்வேறு வடிவங்களாக மாற்றி அடுக்கத்தக்க உலோகத் தகடுகளைச் செய்வித்தார். 1934இல் பார்ஸிலோனாவில் அவர் வெளியிட்ட நூல் முழுவதும் வடிவகணிதத்தைக் குழந்தையின் கைக்குக் கொண்டுவருவதைப் பற்றியதே. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியதால், அச்சாதனங்கள் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் புழக்கத்துக்கு வந்தன. அவை விலையுயர்ந்தவை என்பது உண்மையே; ஆனால் அவற்றின் சாரத்தைக் கத்தரிக்கோலும் பழைய அட்டைகளும் கொண்டே பெற்றுவிடலாம்.

வெட்டி அடுக்கிப் பழகிய பிறகு மூடிப் பார்க்கும் வேலை. மேசையின் மேற்பரப்பைப் புளியங்கொட்டையால் மூடலாம், தீப்பெட்டியால் மூடலாம், அஞ்சலட்டையால் மூடலாம். புளியங்கொட்டைகளுக்கு இடையே சந்து விழுகிறது. நாணயங்களை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் சந்து விழுகிறது. தீப்பெட்டி சந்தின்றிப் பொருந்துகிறது, ஆயினும் ஒருவன் நெட்டுவாக்கிலும் மற்றவன் குறுக்குவாக்கிலும் வைத்தால் ஓரங்களில் தகராறு வருகிறது. ஒரே மேசைக்கு ஒருத்தி நாற்பது என்கிறாள், மற்றொருத்தி பன்னிரண்டு என்கிறாள். இருவரும் சரியாகவே எண்ணியிருக்கிறார்கள். எண்ணோடு அலகின் பெயரையும் சொன்னாலன்றி எண்ணுக்குப் பொருளில்லை என்பதும், எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுபோலவே நிற்கும் சதுரம் அலகாவதற்கு மிகவும் வாய்ப்பானது என்பதும் இந்தத் தகராறுகளிலிருந்தே பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும். சதுரத்தை முதல் நாளிலேயே கையில் கொடுத்துவிட்டால், எந்தக் கேள்விக்கு அது விடையோ அந்தக் கேள்வியே அவர்கள் மனத்தில் எழாமற் போய்விடும்.

சதுரம் வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் லின் அவுத்ரெட், மைக்கேல் மிச்செல்மோர் என்ற ஆராய்ச்சியாளர் இருவர் 1 முதல் 4 வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகளுக்குச் செவ்வகங்களைக் கொடுத்து, அவற்றைச் சதுரங்களால் நிரப்பி வரையும்படி கேட்டு, அவர்கள் வரைந்த படங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு அமெரிக்காவில் மைக்கேல் பட்டிஸ்டாவும் அவரோடு உழைத்தோரும் இதே விஷயத்தைப் பற்றி எழுதியிருந்தனர். இவ்விரு ஆய்வுகளும் காட்டும் காட்சி, கட்டங்கள் ஒழுங்காக அச்சிட்ட புத்தகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்குப் புதிதாக இருக்கிறது. 4 சதுரம் நீளமும் 3 சதுரம் அகலமும் கொள்ளத்தக்க செவ்வகத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு சதுரத்தை மட்டும் வரைந்து கொடுத்து, மீதியை நிரப்பு என்று சொன்னால், எல்லாக் குழந்தைகளும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்துவிடுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். நடப்பதோ வேறு. ஒரு குழந்தை ஓரத்தை ஒட்டியே சதுரங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு சுற்றி வருகிறது. வரவரச் சதுரங்கள் குறுகுகின்றன. சுற்றி முடிந்ததும் நடுவில் மிஞ்சிய கோணலான இடத்தில் ஒரு பெரிய கட்டத்தையோ நாலைந்து சிறு கட்டங்களையோ போட்டு நிரப்பிவிடுகிறது. மற்றொரு குழந்தை சதுரங்களுக்கு இடையே சந்து விட்டு வரைகிறது. அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ள குழந்தை சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒழுங்காக அமைக்கிறது. என்றாலும் ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு பக்கங்களையும் தனியே வரைகிறது. பிறகு ஒருநாள், அதே குழந்தை ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக இழுக்கிறது.

அந்த நீண்ட கோட்டை உபாத்தியாயர் கவனித்துக் கொண்டாட வேண்டும் என்பேன். தனித்தனிச் சதுரங்களாய்க் கிடந்தவை அக்கோட்டினால் வரிசையாகிவிட்டன. முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் எல்லை ஒன்றே என்பதைக் குழந்தை கண்டுவிட்டது. இனி ஒரு வரிசையில் எத்தனை, அத்தகைய வரிசைகள் எத்தனை என்ற இரண்டு கேள்விகளே எஞ்சி நிற்கின்றன. வரிசையைக் காணாத குழந்தை எண்ணும் விதத்தைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். அது ஓரத்தைச் சுற்றி எண்ணிக்கொண்டு போய், எங்கே தொடங்கினோம் என்பதை மறந்து, மூலைச் சதுரத்தை இரண்டு தரம் எண்ணி, உள்ளே நுழைந்து வழி தவறி நிற்கிறது. அக்குழந்தையிடம் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கு என்று சொன்னால் பெருக்கிவிடும். 4க்கும் 3க்கும் 12 என்று எழுதிவிடும். ஆனால் அந்தப் 12 எவற்றின் தொகை என்பது அதற்குத் தெரியாது. நாளைக்கு முக்கோணத்தின் மூன்று பக்கங்களைக் கொடுத்தால் மூன்றையும் பெருக்கி எழுதுவதும் இதே குழந்தைதான்.

அச்சிட்ட கட்டத்தாளை அளவுக்கு மீறி உபயோகிப்பதை நான் விரும்பவில்லை. வரிசையை அமைக்கும் வேலையைத் தாளே செய்துவிடுவதால் குழந்தைக்கு எண்ணும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. அதைவிடப் பயனுள்ளது, வேண்டியதைவிடக் குறைவான அட்டைச் சதுரங்களைக் கொடுப்பது. 5க்கு 4 என்ற செவ்வகத்துக்கு 20 சதுரங்கள் கொடுத்தால் குழந்தை மூடிவிட்டு எண்ணும். 8 மட்டும் கொடுத்தால், மேல் ஓரத்தில் ஒரு வரிசையும் பக்கவாட்டில் ஒரு நிரையும் வைத்தவுடன் கையிருப்புத் தீர்ந்துவிடும். மற்ற இடங்களைக் கற்பனையால்தான் நிரப்ப வேண்டும். அடுத்தபடியாக ஒரே ஒரு சதுரத்தைக் கொடுத்து, அதை நகர்த்தி நகர்த்தி அடையாளமிடச் சொல்லலாம். அதன் பிறகே அளவுகோல் வரவேண்டும். அப்போது அது புதிய பொருளோடு வரும். 5 சென்டிமீட்டர் நீளம் என்பது, ஒரு வரிசையில் 5 சதுரங்கள் நிற்கும் என்ற செய்தியாகவும், 4 சென்டிமீட்டர் அகலம் என்பது, அத்தகைய வரிசைகள் 4 அமையும் என்ற செய்தியாகவும் குழந்தைக்குப் படும். ஓரத்தில் வைத்த கோல், தான் தொடாத உட்பகுதியைப் பற்றி எப்படிப் பேசுகிறது என்ற ரகசியம் அவ்வளவே. சூத்திரத்தை இதற்குப் பின் சொன்னால் அது சுருக்கெழுத்தாக நிற்கும். சொல்லாமலே விட்டாலும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து வெளிவந்த ஐந்தாம் வகுப்புக் கணித நூலில், எத்தனை சதுரங்கள் என்று கேட்கும் பாடம் ஒன்றை முன்னால் வைத்து, ஒரு சதுரத்தை வெட்டியும் ஒட்டியும் அதே பரப்புள்ள புதிய ஓடுகளைப் பிள்ளைகளே செய்யும்படி அமைத்து, பரப்பையும் சுற்றளவையும் பின்னால் வைத்திருப்பது நல்ல கிரமம் என்றே நினைக்கிறேன்.

சுற்றளவும் பரப்பளவும் ஒன்றுக்கொன்று மாறிப் புரிந்துகொள்ளப்படுவது ஆசிரியர் எல்லாரும் அறிந்த தொல்லை. சுற்றளவு பெரிதானால் பரப்பும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், மெகலோபோலிஸ் நகரத்தின் சுற்றளவு 50 ஸ்டேடியம் (கிரேக்கரின் நீள அளவு), ஸ்பார்ட்டாவின் சுற்றளவு 48 ஸ்டேடியம், ஆயினும் ஸ்பார்ட்டாவே இரண்டு மடங்கு பெரிய நகரம் என்று சொன்னால் மக்கள் நம்ப மறுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்; பள்ளியில் படித்த வடிவகணிதத்தை மறந்துவிட்டதே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், நிலத்தைப் பங்கிடும்போது சுற்றளவு மிகுந்து பரப்புக் குறைந்த பங்கை மற்றவர்க்குக் கொடுத்து, தாம் பெரிய பரப்பை எடுத்துக்கொண்டும், விட்டுக்கொடுத்தவர் என்ற நற்பெயரும் பெற்றவர்களைப் பற்றிச் சொல்கிறார். அறியாமை நிலத்தைப் பறிகொடுக்கச் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு மருந்து ஒரு நூல்கயிறு. 24 அலகு சுற்றளவுள்ள வளையமாக முடிந்த கயிற்றை நான்கு பேர் பிடித்துக்கொண்டு செவ்வகம் அமைத்தால், 11க்கு 1 என்று நிற்கும்போது உள்ளே 11 சதுரங்கள். 10க்கு 2 என்னும்போது 20. 9க்கு 3 எனில் 27. 8க்கு 4 எனில் 32. 7க்கு 5 எனில் 35. 6க்கு 6 எனில் 36. கயிறு அப்படியே இருக்கிறது. உள்ளிடம் மும்மடங்குக்கு மேல் விரிந்துவிட்டது. பிறகு 12 சதுர ஓடுகளைக் கொடுத்து மறுதலையையும் காணச் செய்யலாம்: ஒரே வரிசையாக அடுக்கினால் சுற்றளவு 26, இரண்டு வரிசையானால் 16, மூன்று வரிசையானால் 14. இவ்விரண்டு பட்டியல்களையும் பிள்ளைகள் தாமே எழுதிப் பார்த்தால், சுற்றளவுக்கும் பரப்புக்கும் உள்ள வேற்றுமையைப் பற்றி உபாத்தியாயர் தனியாகப் பிரசங்கம் செய்யவேண்டியிராது.

செவ்வகத்தைக் கடந்து இணைகரத்துக்கு வரும்போது, மாக்ஸ் வெர்தைமர் என்ற மனோதத்துவ அறிஞர் எழுதிவைத்ததைக் கூறாமல் செல்ல முடியாது. அவர் காலமான பிறகு 1945இல் வெளிவந்த, ஆக்க சிந்தனையைப் பற்றிய அவருடைய நூலில், இணைகரத்தின் பரப்பு ஒரு முழு அத்தியாயத்துக்கு விஷயமாகிறது. ஒரு வகுப்புக்கு அவர் செல்கிறார். ஆசிரியர் முறைப்படி பாடம் நடத்துகிறார்: இணைகரத்தின் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் செங்குத்துக் கோடுகளை இறக்கி, அடிக்கோட்டை நீட்டி, இரண்டு பக்கமும் உண்டாகும் முக்கோணங்கள் சமம் என்று நிரூபித்து, அடிப்பக்கத்தைக் குத்துயரத்தால் பெருக்கினால் பரப்பு என்று முடிக்கிறார். மாணவர் பல கணக்குகளைப் பிழையின்றிச் செய்கின்றனர். வெர்தைமர் அநுமதி பெற்று, அதே இணைகரத்தை வேறு பக்கத்தின்மேல் நிற்குமாறு சாய்த்துக் கரும்பலகையில் வரைகிறார். வகுப்பு திகைக்கிறது. இதை இன்னும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை என்கிறான் ஒரு மாணவன். சிலர் பழக்கப்படி மேல் மூலைகளிலிருந்து கோடுகளை இறக்கிவிட்டு, அவை விழுந்த இடத்தைப் பார்த்து மேலே செல்ல வகையறியாமல் நிற்கின்றனர். தாளைத் திருப்பிப் பார்த்துப் புரிந்துகொண்டவர் சிலரே. அதுவரை சரியாகச் செய்தவை எல்லாம் கை பழகிய சடங்காக இருந்தனவேயன்றி, அச்சடங்கின் நோக்கம் அவர்களுக்கு எட்டியிருக்கவில்லை.

அதே நூலில் ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். செவ்வகத்தின் பரப்பை அறியும் வகையை மட்டும் அவளுக்குச் சுருக்கமாகக் காட்டிவிட்டு இணைகரத்தைக் கொடுக்கிறார்கள். தனக்குத் தெரியாது என்கிறாள் முதலில். சற்று நேரம் பார்த்துவிட்டு, இடது கோடியைச் சுட்டி இங்கே சரியில்லை என்கிறாள். வலது கோடியைச் சுட்டி இங்கேயும் சரியில்லை என்கிறாள். பிறகு திடீரென்று கத்தரிக்கோல் கேட்கிறாள். ஒரு பக்கத்தில் துருத்திக்கொண்டு கெடுப்பது எதுவோ, அதுவே மறுபக்கத்தில் வேண்டியதாக இருக்கிறது என்பதை அவள் கண்டுவிட்டாள். செங்குத்தாக வெட்டி, இடது துண்டை வலப்புறம் கொண்டுபோய் வைக்கிறாள். இன்னொரு குழந்தை நீண்ட இணைகரத்தாளின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி, முனைகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டு, பிறகு வளையத்தை நேர்செங்குத்தாக எங்கே வெட்டினாலும் செவ்வகம் கிடைக்கும் என்று கண்டது. இவ்விரண்டு குழந்தைகளும் சூத்திரம் ஒன்றும் அறியாதவர்கள். ஆனால் வடிவத்தின் குறை இன்னதென்று அறிந்து அக்குறையை நிரப்பும் வழியையும் அவ்வடிவத்திலேயே தேடிக்கொண்டார்கள். வகுப்பிலிருந்த மாணவர்களுக்குப் பதில் கிடைத்திருந்தது. இவர்களுக்குப் பிரச்சினை கிடைத்திருந்தது. கற்பித்தலில் எதை முதலில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

இணைகரத்தின் பக்கங்கள் இரண்டையும் பெருக்கி அதையே பரப்பென்று எழுதும் பிழையைச் செய்யாத வகுப்பு இராது. அப்பிழைக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன், பேரரசுகளின் நில அளவையிலும் அதற்கு இடமிருந்ததை நினைக்க வேண்டும். எகிப்தில் எட்ஃபூ கோயிற் சுவரில் பொறித்துள்ள நிலங்களின் பட்டியலில், நாற்பக்க நிலத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்கிப் பரப்பாகக் கொண்டிருக்கிறார்கள். முக்கோண நிலத்தை, ஒரு பக்கம் இல்லாத நாற்பக்கமாகவே பாவித்திருக்கிறார்கள். பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இதே விதியைச் சொல்லி, இது தருவது ஸ்தூலமான பலன் என்றும், சூட்சுமமான பலனுக்கு வேறு விதி உண்டென்றும் பிரித்துக் காட்டினார். செவ்வகமல்லாத எந்த நிலத்துக்கும் ஸ்தூல விதி உண்மையைவிட அதிகமான பரப்பையே தரும். ஆகவே வரி வசூலிப்பவர்க்கு அது ஒருநாளும் நஷ்டமாக இராது. இதைக் கண்ணால் காண, நான்கு அட்டைப் பட்டைகளை மூலைகளில் ஊசி குத்திச் சட்டமாக இணைத்தால் போதும். செவ்வகமாக நிற்கும் சட்டத்தைச் சாய்க்கச் சாய்க்கப் பக்கங்கள் மாறாமலே உள்ளிடம் சுருங்குகிறது. முழுதும் சாய்ந்துவிட்டால் உள்ளிடமே இல்லை. பக்கங்களைப் பெருக்கி விடை எழுதிய பிள்ளையின் கையிலேயே அச்சட்டத்தைக் கொடுத்துவிடலாம்.

முக்கோணத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒரே மாதிரியான முக்கோணங்கள் இரண்டை வெட்டிச் சேர்த்தால் இணைகரம் வருகிறது, அதில் பாதி முக்கோணம் என்ற அளவில் ஐந்தாம் வகுப்புக்குப் போதும். சதுரத்தை இரட்டிப்பதோ ஓர் இன்பமான விஷயம். பிளேட்டோவின் மேனோ என்ற உரையாடலில் சாக்ரடீஸ், கணிதம் படியாத ஓர் அடிமைச் சிறுவனிடம், 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் 4 அடி என்கிறான். பரப்பு 16 ஆகிறது. 3 அடி என்கிறான்; 9 ஆகிறது. வேண்டியதோ 8. கடைசியில் மூலைவிட்டத்தின்மேல் எழுப்பிய சதுரமே விடை என்று அவனே காண்கிறான். நம் பிள்ளைகள் இதைச் சதுரமான ஒரு தாளில் காணலாம். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தால் சிறிய சதுரம் ஒன்று உண்டாகிறது. அதில் எங்கே தொட்டாலும் தாள் இரண்டு மடிப்பாக இருக்கிறது. ஆகவே விரித்த தாள் அதைப்போல இரு மடங்கு. சிறு சதுரத்தின் மூலைவிட்டம் பெரிய சதுரத்தின் பக்கத்துக்குச் சரியாகிறது.

நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது தமிழ்நாட்டு நில அளவையிலும் பெரிய விளைவுகளை உண்டாக்கிய உண்மை. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள நிலம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. தஞ்சைப் பகுதியில் 12 அடிக் கோலால் குழி 144 சதுர அடியாகவும், மா ஏறக்குறைய 33 சென்டாகவும், வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கராகவும் வழங்கின. கோலின் நீளமோ இடத்துக்கு இடம் வேறுபட்டது. பதினாறு சாண் கோலும் பதினெண்சாண் கோலும் கல்வெட்டுகளில் வருகின்றன. கோல் எட்டில் ஒரு பங்குதான் நீண்டது; குழியோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் குழிமாற்று என்ற வாய்பாட்டை மனனம் செய்தார்கள். ஓர் எண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கி வரும் தொகைகளின் வரிசை அது. வெறும் மனப்பாடம் என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கோல் பிடித்து வயலை அளப்பதையும், அளந்த குழிக்கு ஏற்பக் குத்தகை பேசுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அந்த வாய்பாட்டின் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு நிலம் இருந்திருக்கும். நிலம் மறைந்து வாய்பாடு மட்டும் எஞ்சும்போதுதான் மனப்பாடம் வறட்சியாகிறது.

இன்றைக்கும் அந்த நிலத்தை வகுப்புக்குக் கொண்டுவர வழியுண்டு. வீட்டில் பெரியவர்கள் சென்ட் என்றும் கிரவுண்டு என்றும் பேசுவதைப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு சென்ட் எவ்வளவு இடம் என்று கேட்டால் அவர்களால் கையை விரித்துக் காட்ட முடிவதில்லை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பள்ளி மைதானத்தில் 21 அடிக்குச் சற்றுக் குறைவான பக்கமுள்ள சதுரத்தைக் கயிறு கட்டிச் சுண்ணாம்பால் கோடிட்டால் அது வந்துவிடும். 60 அடிக்கு 40 அடி என்று கோடிட்டால் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. வகுப்பறைத் தரையில் ஒரு சதுர மீட்டரை வரைந்து, அதன் ஓர் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர்ச் சதுரங்களை நெருக்கமாக ஒட்டிய பட்டை ஒன்றை வைத்தால், வரிசைக்கு 100 என்பதும், அத்தகைய வரிசைகள் 100 வேண்டும் என்பதும் தெரிகின்றன. ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதும் பரவலான பிழை, அந்த ஒரு பட்டையைப் பார்த்தவர்களிடம் நீடிப்பதில்லை. இங்கும் உதவிக்கு வருவது வரிசையே.

வட்டத்தை ஆரம்ப வகுப்புகளில் கணக்காகக் கொண்டுவர வேண்டியதில்லை. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்று காரி நாயனாரின் கணக்கதிகாரம் விதிக்கிறது. வட்டத்தைப் பல சிறு துண்டங்களாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு வெட்டி, மேலும் கீழுமாக மாற்றி அடுக்கினால், பாதிச் சுற்றளவு நீளமும் பாதி விட்டம் உயரமும் உள்ள செவ்வகம்போல் அவை அமைவதைக் காணலாம். வெட்டி அடுக்கிப் பழகிய பிள்ளைக்கு இது ஏழாம் வகுப்பில் எளிதாக வரும். அதற்கு முன்னே, சூத்திரமே இல்லாத வடிவங்களைக் கொடுத்துவிடுவது நல்லது. ஒரு பூவரசிலையைச் சென்டிமீட்டர்க் கட்டத்தாளில் வைத்து ஓரம் வரைந்து, முழுதும் உள்ளே அடங்கிய சதுரங்களை எண்ணினால், உதாரணமாக, 38 என்று வருகிறது. இலை சிறிதளவேனும் தொட்ட சதுரங்களையும் சேர்த்தால் 70 ஆகிறது. உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அரை சென்டிமீட்டர்க் கட்டமுள்ள தாளில் அதே இலையை வைத்து எண்ணி, சதுர சென்டிமீட்டராக மாற்றினால், உள்ளெண் 47.5, வெளியெண் 63.5 என்றாற்போல அவை ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. இந்தப் பட்டியலைப் பிள்ளைகளே எழுதட்டும். அந்த இடைவெளி என்றாவது முற்றிலும் மறைந்துவிடுமா என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், உபாத்தியாயர் அக்கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் கேட்டவர் பெயரோடு எழுதிவைத்துவிட்டு, இன்னும் நுண்ணிய கட்டமிட்ட தாளை எடுத்துக் கொடுப்பாராக.